புகைக் கணக்கு

தென்காசிச் சீமையில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து வரும் காற்றுக்குத் தனி மரியாதை. மலையாளக் கரையில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, பாரம் குறைந்த அந்தக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது. இலஞ்சி, ஆய்க்குடி வயல்களைத் தடவிக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்து சேரும்போது அதில் ஈரம் போய் வேகம் மட்டும் மிஞ்சியிருக்கும். அங்கே நெல்லும் சூரியகாந்தியும் விளைகின்றன. ஆடி மாதத்தில் அந்த மஞ்சள் பூக்களைப் பார்ப்பதற்கென்றே மலைக்கு மேற்கேயிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பூவைப் பார்த்து நிமிர்ந்தால், வெள்ளைத் தூண்களின் மேல் மூன்று சிறகோடு காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனை காற்று வீசும் ஊரில் உட்கார்ந்துகொண்டு புகையைப் பற்றி எழுதுவானேன், அது டில்லிக்காரர்களின் கவலையல்லவா என்று கேட்கலாம். கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரவில்லை. ரயில் வந்தது, பஸ் வந்தது, இரவு பகலாக லாரி வருகிறது. இவற்றை நடத்திய ஸ்தாபனங்கள் டிக்கெட்டுக்குக் கணக்கு வைத்தன, நிலக்கரிக்கும் டீசலுக்கும் கணக்கு வைத்தன. காற்றுக்கு எப்போதாவது ஒரு பற்று வரவு எழுதினார்களா? இந்த நூற்றிருபது வருஷக் கதையைக் கிளறிப் பார்த்தால் விசித்திரமான விடை கிடைக்கிறது.

செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம்; கூப்பிடு தூரத்தில் இருக்கும் தென்காசி, சென்னை ராஜதானி. ஏற்றம் கடுமையாதலால் வண்டிக்கு முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். ஆரியங்காவுக் குகைக்குள் இரண்டு எஞ்சின்களும் விடும் புகை வெளியேற வழி தேடித் தவிக்கும். பிரயாணிகள் கண்ணாடி ஷட்டர்களை இறக்கிக்கொள்ளலாம். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனுக்கு எந்த ஷட்டரும் கிடையாது. அதை யாரும் ஒரு பிரச்னையாகக் கருதவில்லை. புகை வண்டி என்று பெயர் வைத்த பிறகு புகையைப் பற்றிப் புகார் சொல்வது எப்படி?

சட்டம் மட்டும் அந்த விஷயத்தில் பின்தங்கியிருக்கவில்லை. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கிறது. வண்டிகள் விடும் புகை, கண்ணுக்குத் தெரியும் ஆவி, தீப்பொறி, சாம்பல், எண்ணெய் இவற்றுக்கெல்லாம் விதி செய்ய மாகாண சர்க்கார்களுக்கு அந்தச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் என்ற ஏற்பாட்டுக்கு உருக் கொடுத்ததும் அதுதான். எழுத்தில் எல்லாம் இருந்தது.

இரண்டே வருஷத்தில் என்ன நடந்தது? யுத்தம். 1941-இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் முதலாளிகள் திண்டாடினார்கள். அப்போது மதுரை டி.வி.எஸ். கம்பெனி, கரியில் ஓடும் காஸ் பிளாண்ட்டைச் செய்து விற்றது. இதுதான் ஜனங்கள் ‘கரி பஸ்’ என்று சொன்ன அதிசயம். பஸ்ஸின் பின்புறம் அண்டா மாதிரி ஓர் உருளை. அதில் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டிவிட்டு, கிளீனர் பையன் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவான். போதுமான காற்று இல்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அந்த வாயுவை வடிகட்டிக் குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்பினால் வண்டி நகரும். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அருகே நின்று ஊதிக்கொண்டிருந்த பையனின் தலைவலிக்குக் காரணம் யாருக்கும் புரிந்திருக்காது.

இன்றைய நிபுணர்களைக் கேட்டால், மரம் திரும்ப வளருமாதலால் கரி பஸ் சீதோஷ்ண நிலைக்கு நல்லதுதான் என்று வாதிப்பவர்களும் இருப்பார்கள். வளர்த்தால் நல்லதுதான். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு வேண்டும். யுத்த காலத்தில் வெட்டியவர்கள் நட்டதாகக் கேள்விப்படவில்லை. சாம்பலுக்கும் தீப்பொறிக்கும் விதி செய்யச் சட்டம் இயற்றிய அதே ஆட்சியில், சாம்பலும் தீப்பொறியும் கக்கும் பஸ்கள் லைசென்ஸோடு ஓடின. பெட்ரோல் இல்லை என்பது ஒன்றே காரணம். ரேஷன் தளர்ந்ததும் கரி பஸ் மறைந்தது. அதற்கும் காற்று காரணமல்ல.

மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938-லேயே பஸ்ஸைச் சர்க்கார் தொழிலாக்கியிருந்தது. அதை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து ஸால்டர் என்ற அதிகாரியை வரவழைத்தார்கள். 60 சேஸிஸ்கள், டீசல் எஞ்சினோடு வந்து இறங்கின. பெட்ரோலைவிட டீசல் சிக்கனம் என்பதே அன்றையக் கணக்கு. பின்னால் நாடு முழுவதும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றியது.

லண்டன் பெயர் வந்ததனால் அந்த ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடலாம். 1952 ஜூலை மாதத்தில் லண்டன் தன் கடைசி மின்சார டிராமை வழியனுப்பி வைத்தது. மாலை போட்டு, பாட்டுப் பாடி, கூட்டம் கூடி அனுப்பினார்கள். அதன் இடத்தில் டீசல் பஸ்கள் ஓடின. அதே வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி மூடுபனியும் புகையும் சேர்ந்து நகரத்தின் மேல் கவிந்தன. 9-ஆம் தேதிதான் விலகின. வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகைதான் முதல் குற்றவாளி. பஸ்களும் தங்கள் பங்கைச் செலுத்தின. அப்போது நாலாயிரம் பேர் இறந்ததாகச் சொன்னார்கள்; பிற்கால ஆராய்ச்சிகள் பன்னீராயிரம் வரை கொண்டுபோகின்றன. 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. போன டிராம் திரும்பி வரவில்லை.

நம் சென்னையில் 1895 முதல் ஓடிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. கம்பெனிக்கு நஷ்டம். அதிலும் குறை சொல்ல முடியாது; நஷ்டத்தில் எத்தனை நாள் ஓட்டுவார்கள்? ஆனால் டிராம் விடாத புகைக்கு அந்தக் கம்பெனியின் பேரேட்டில் ஒரு தம்படி வரவு இருந்திருந்தால், நஷ்டம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

1956-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அது பிறந்த வேளையைக் கவனிக்க வேண்டும். 1973-இன் கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கி, உலகமெங்கும் விலை நாலு மடங்காகியிருந்தது. அந்த நேரத்தில் பிறந்த குழந்தைக்குச் சிக்கனம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. போக்குவரத்துக் கழகத்து டிரைவரிடம் பேசிப் பாருங்கள். நாலாவது வாக்கியத்தில் ‘கே.எம்.பி.எல்.’ வந்துவிடும். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அது. அந்த எண் இறங்கினால் டிப்போவில் விசாரணை. டயரில் காற்றுக் குறைவா, கிளச்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறாரா, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாரா? எரிபொருள் சிக்கனத்துக்காக அகில இந்திய அளவில் தமிழ்நாட்டுக் கழகங்கள் வாங்கிய கேடயங்கள் கொஞ்சமல்ல. டிரைவர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஓட்டை வண்டியைக் கொடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கேட்டால் எப்படி என்பது நியாயமான கேள்விதான்.

என் அபிப்பிராயத்தில், பருவநிலை மாறுதலுக்கு இந்தப் பிரதேசத்துப் போக்குவரத்து ஸ்தாபனம் செய்த மிகப் பெரிய காரியம் இந்தக் கே.எம்.பி.எல். வெறிதான், அந்த நினைப்பே இல்லாமல் செய்ததுதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் போகும் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறியிருந்தால், ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பத்து கிராம்தான் ஆகிறது. இரண்டு பேர் சவாரி செய்யும் சாதாரண பெட்ரோல் காருக்கு இதே கணக்கைப் போட்டால் எழுபது எண்பது கிராம் வரும். குற்றாலத்துச் சீஸனில் ஐந்தருவிச் சாலையில் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நிற்கும் கார்களை நினைத்தால், நெரிசலில் தொங்கிக்கொண்டு வரும் டவுன் பஸ் புண்ணியவானாகத் தோன்றுகிறது. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. அதைச் சமூக நலத் திட்டம் என்கிறார்கள். பஸ்ஸை நிரப்பிய வகையில் அது காற்றுக்கும் நலத் திட்டமே.

கரியமில வாயு குறைந்ததனால் மூச்சுக்கு நல்லது என்று ஆகிவிடாது. கறுப்புக் கரித்தூளும் நைட்ரஜன் வாயுக்களும் வேறு கணக்கு. அந்தக் கணக்கைத் திறக்க வைத்தவை போக்குவரத்து ஸ்தாபனங்கள் அல்ல, நீதிமன்றங்கள். டில்லியில் பஸ்களை இயற்கை வாயுவுக்கு மாற்றும்படி 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முனகி, முரண்டு பிடித்து, 2002-இல்தான் மாற்றி முடித்தார்கள். பாரத் ஸ்டேஜ் என்ற படிகள் ஒவ்வொன்றாக ஏறி, 2020 ஏப்ரலில் ஆறாம் படி நாடெங்கும் வந்தது. டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காயிற்று. தென்காசி டி.என். 76 வண்டிக்காரர்களுக்கு இதெல்லாம் புகைச் சான்றிதழ் என்ற ஒரு துண்டுக் காகிதமாகத்தான் தெரியும்.

ரயிலுக்கு வருவோம். மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்குவதற்காக 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மார்க்கத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தது 2018-இல். அந்த ஏழெட்டு வருஷமும் மலையைத் தாண்ட வேண்டியவர்களும் சரக்கும் புளியரைச் சாலையில் டீசலை எரித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனார்கள். தாமதத்தால் திட்டச் செலவு எவ்வளவு கூடியது என்று ரயில்வே கணக்குப் போட்டிருக்கும். அந்த வருஷங்களில் மலைக்காடு குடித்த புகையை எந்த ஃபைலில் எழுதுவது? பாதை திறந்த பிறகும் சரக்கில் பெரும்பகுதி ரயிலுக்குத் திரும்பவில்லை. கல்லும் எம். சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் மேற்கே போவதைச் சாலையோரத்து ஊர்க்காரர்கள் புழுதியோடு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

2024-இல் மலைப் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடிய மின்சார ரயில், ஆரியங்காவுக் குகைக்குள் நுழையத் தொண்ணூற்று மூன்று வருஷம் பிடித்தது. 2030-க்குள் கரியமிலக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவதாக ரயில்வே இலக்கு வைத்திருக்கிறது. இறக்குமதி டீசலுக்குக் கொட்டும் பணம் மிச்சமாவதும் ஒரு பெரிய காரணம். அதை அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். குகையில் புகை போயிற்று. ஆனால் கம்பியில் வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறக்கிறதே? செங்கோட்டையில் விடாத புகையைத் தூத்துக்குடியில் விடுகிறோம்.

ஆனி, ஆடியில் மட்டும் நிலைமை வேறு. 1986-இல் தூத்துக்குடியருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்றாலைகள், இன்று மாநிலம் முழுவதும் பதினோராயிரம் மெகாவாட்டுக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. அதில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கும் பங்கு உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை கூடத் திருநெல்வேலி மாவட்டத்தில் 10.5 மெகாவாட்டுக்குக் காற்றாலை நாட்டித் தன் மின்சாரச் செலவைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

பருவமும் முன்போல் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு திருச்செந்தூர் ரயில் நின்றுவிட்டது. 2024 மே மாதம், சீஸனுக்கு முன்னாலேயே பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று.

2019-இல் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியிடம் தமிழ்நாடு கடன் வாங்கியது. காற்றையும் பருவநிலையையும் வெளிப்படையாகக் காரணம் காட்டி நம் பஸ்களுக்குப் பணம் வந்தது அபூர்வமான சங்கதி. முதல் தவணையில் 2,213 ஆறாம் படி டீசல் பஸ்கள். 500 மின்சார பஸ்கள். தாழ்தளப் பஸ் வேண்டுமென்று மாற்றுத் திறனாளிகள் தொடுத்த வழக்கும் மற்றவையும் சேர்ந்து வருஷங்களை விழுங்கின. உலக வங்கியின் உதவியோடு வேறொரு திட்டத்தில், 2025 ஜூன் மாதம் சென்னை வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஜெர்மன் கடனின் 500 மின்சார பஸ்கள் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் திருநெல்வேலி கோட்டம் இல்லை.

பெரிய நகரங்களில் புகை அதிகம், அங்கே முதலில் கொடுப்பது முறை என்று அதிகாரிகள் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. ஆடிக் காற்று இரவிலும் ஓய்வதில்லை. ஊர் தூங்கிவிட்டால் மின்சாரத்துக்குத் தேவை குறைகிறது. சில வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. மின்சார பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் இரவில்தான், டிப்போவில்தான். தையிலும் மாசியிலும் இந்தக் காற்றை நம்ப முடியாது என்பது உண்மை. ஆனி முதல் ஆவணி வரை தென்காசி டிப்போவிலும் செங்கோட்டை டிப்போவிலும் நாலைந்து பஸ்களைக் கம்பியில் கட்டிப் போட்டால், விடியற்காலையில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போகும் முதல் வண்டி அந்த ஊர்க் காற்றிலேயே ஓடும்.