கூரைக்கு யார் விலை சொல்வது?

எங்கப்பா கூரை மேய்கிறவர். கீற்றை எண்ணிக் கூலி பேசுவதெல்லாம் ஊர்த்தெருவில் நடக்காது. வேலை முடிந்தபின் மிராசு அளந்து போடுவதுதான் கூலி. சேரிக்குள் என்றால் கூலியே இல்லை. இன்னைக்கு உன் கூரை, நாளைக்கு என் கூரை, மதியம் ஒருவேளைச் சோறு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க அரசு 75,000 ரூபாய் தந்தது. அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் கான்ட்ராக்டர் என்று ஒருவர் வந்தார். சுவரின் வெளிவிளிம்பிலிருந்து டேப் பிடித்தார். நூறு சதுர அடி ஒரு சதுரம். கம்பி, சிமெண்ட், ஜல்லி, சென்ட்ரிங் பலகை வாடகை, ஆள்கூலி, அதன்மேல் அவர் லாபம். இதுவரை கணக்கு நியாயம்தான். கடைசியில் ‘தலைச்சுமை’ என்று தனியாக ஒரு தொகை.

“ஒங்க தெருவுக்குள்ள லாரி வராதே தம்பி, ரோட்டுலேர்ந்து சுமக்கணுமில்ல?”

பொய்யில்லை. ஊருக்குப் போட்ட ரோடு எங்கள் எல்லையில் நின்றுவிட்டது. போடாத ரோட்டுக்கு எங்கள் கூரை விலை கொடுத்தது. சுமந்ததும் எங்கள் ஆட்களே; அந்தத் தொகையில் பாதிகூட அவர்கள் கைக்கு வரவில்லை. எத்தனை நடை என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.