நம்மாழ்வாரும் நெல்லைச் சீமையின் மண்ணும்

கோ. நம்மாழ்வார் (6 ஏப்ரல் 1938 – 30 திசம்பர் 2013) தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். தஞ்சை மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள இளங்காடு என்னும் சிற்றூரில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையில் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். பலரும் அவரைக் காவிரிப் படுகையின் மனிதராகவே நினைவுகூர்கின்றனர். ஆனால் மண் பற்றிய அவருடைய கருத்துகள் உருப்பெற்றது தஞ்சையில் அன்று. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில். 1963 முதல் ஏறத்தாழ 16 ஆண்டுகள் அவர் அங்கேதான் பணியாற்றினார்.

அன்றைய நெல்லை மாவட்டம் மிகப் பெரியது. கோவில்பட்டி 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சென்றது. தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. ஒரே மாவட்டத்துக்குள் நிலம் வெவ்வேறாக இருந்தது. மேற்கே ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் குற்றாலத்திலும் தென்காசியிலும் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும். குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு குளங்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்தச் சாரல் கோவில்பட்டிக் கரிசலை எட்டுவதில்லை. அது ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டுமே நம்பிய வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் அங்கே மானாவாரிப் பயிர்கள்.

நம்மாழ்வார் 1963இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம், எவ்வளவு உரம் இடலாம் என்பன போன்ற ஆய்வுகள் அங்கு நடந்துகொண்டிருந்தன. வீரிய விதையும் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் ஆராய்ச்சி நிலையத்தின் நிலத்தில் தாராளமாகச் செலவிடப்பட்டன. வேலிக்கு வெளியே இருந்த மானாவாரி உழவரிடம் அதற்குப் பணம் இல்லை. உரம் கரைந்து வேருக்குச் செல்ல மண்ணில் ஈரம் வேண்டும். அடியுரம் இட்ட பின் மழை பொய்த்தால் உரத்துக்கு வாங்கிய கடன்தான் மிஞ்சும். ஆய்வுகளை இந்த உழவர்களின் நிலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார், அது ஏற்கப்படவில்லை. 1969இல் அரசு வேலையை விட்டு விலகினார்.

அக்காலச் சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1965-66இல் நாட்டின் பல பகுதிகளில் கடும் வறட்சி. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. விளைச்சலைப் பெருக்கியே ஆக வேண்டும் என்று அரசு எண்ணியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் பசுமைப் புரட்சியைச் சாடியபோது நம்மாழ்வார் இந்தப் பக்கத்துக்குப் போதிய இடம் தரவில்லை என்றே கூற வேண்டும். ஆனால் ஆற்றுப்பாசனத்துக்கு வகுத்த வழியை மானாவாரிக் கரிசலிலும் திணிக்கக் கூடாது என்ற அவருடைய வாதம் வலுவானது.

அடுத்து அவர் சென்ற இடம் களக்காடு. குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜியத் துறவி தொமினிக் பீர் தோற்றுவித்த 'அமைதித் தீவு' அமைப்பு, களக்காடு வட்டாரத்தில் ஊரக மேம்பாட்டுப் பணி செய்துவந்தது. அதில் நம்மாழ்வார் சுமார் பத்தாண்டுகள் உழவியலாளராக இருந்தார். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருள்கள் குறையக் குறைய உழவர் கையில் மிஞ்சுவது கூடுகிறது என்பதை அங்கே உணர்ந்தார். பண்ணையில் விளைந்த தழையும் சாணமும் கழிவும் பண்ணைக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கையாயிற்று. 1976இல் களக்காட்டு மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது அவர் அவ்வட்டாரத்தில்தான் இருந்தார்.

1979இல் 'குடும்பம்' என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். வினோபா பாவே, பாவ்லோ பிரேயர் ஆகியோரின் கல்விச் சிந்தனைகள் அவரை ஈர்த்திருந்தன. பின்னர் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே, வறண்ட நிலத்தில் கொழுஞ்சிப் பண்ணை உருவானது. பெயரே ஒரு பாடம். கொழுஞ்சி தரிசில் தானாக முளைக்கும் செடி. ஆடு மாடுகள் அதிகம் விரும்பாது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும்.

மண்ணைத் திருத்த அவர் பரப்பிய முறைகள் எளியவை. முதலில் மழைநீர் நிலத்தை விட்டு ஓடாமல் சரிவுக்குக் குறுக்கே வரப்பும் குழியும் அமைக்க வேண்டும். வரப்போரம் கிளைரிசிடியா, வேம்பு போன்றவற்றை உயிர்வேலியாக நடலாம். அவை காற்றைத் தடுக்கும், வேரால் வரப்பைப் பிடித்து நிறுத்தும், தழையும் தரும். அடுத்தது பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் உரப்பயிர் என ஐந்து வகையிலும் நான்கு நான்காக 20 விதைகளைக் கலந்து, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ வரை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. மகாராட்டிரத்தின் தபோல்கர் வழியாக அறியப்பட்ட இம்முறையைத் தமிழ்நாட்டு உழவர்களிடம் பரவலாகக் கொண்டு சேர்த்தவர் நம்மாழ்வார். மூன்றாவது மூடாக்கு. சருகையும் வைக்கோலையும் எரிக்காமல் மண்மேல் பரப்பினால் வெயில் நேரே படாது, ஈரம் காக்கப்படும், மண்புழு பெருகும். காட்டில் யாரும் உரம் இடுவதில்லை, உழுவதுமில்லை. அங்கே சருகுதான் மண்ணை வளர்க்கிறது. குற்றால மலைக்குச் சென்றவர்கள் காலடியில் இதைக் கண்டிருப்பார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் உப்பேறிய வயல்களை மீட்கும் பணியிலும் ஈடுபட்டார். 2007இல் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மரபணு மாற்றிய கத்தரிக்கு எதிரான பரப்புரையில் முன்னின்றார். 'உழவுக்கும் உண்டு வரலாறு' அவருடைய நூல்களுள் ஒன்று.

கரூர் மாவட்டம் கடவூரில், மலைகள் சூழ்ந்த வறண்ட நிலத்தில் அவர் நிறுவியது 'வானகம்'. கல்லும் முள்ளுமான அந்நிலத்தில் மழைநீரைத் தேக்கி மரம் வளர்ப்பதே முதல் வேலையாயிற்று. பட்டுக்கோட்டை வட்டாரச் சிற்றூர்களில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பரப்புரை செய்துவந்த நாள்களில், 2013 திசம்பர் 30 அன்று காலமானார். அவருடைய உடல் வானகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இளைஞர்களுக்கான உழவுப் பயிற்சிகள் அங்கு தொடர்ந்து நடைபெற்றுவருகின்றன.