இசைக் காணொளியும் நெறியாளரின் பெயரும்

எமது மாணவர்களுள் மைக்கல் ஜக்சனின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் 'பில்லி ஜீன்' பாடலுக்குப் படம் எடுத்த ஸ்டீவ் பரனை அறிந்த ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை. இந்த அறியாமைக்கு மாணவர் பொறுப்பாளிகள் அல்லர். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாறு தொலைக்காட்சியுடன் தொடங்கவில்லை. 1920களின் இறுதியில் ஜேர்மனியில் ஒஸ்கார் பிஷ்ஷிங்கர் என்னும் கலைஞர், இசைத்தட்டுகளின் தாளத்துக்கு இசையக் கோடுகளையும் வளைவுகளையும் அசையவைத்துச் சிறு படங்களை ஆக்கினார். கரிக்கோலால் வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாக வரையப்பட்ட அச்சித்திரங்கள், கறுப்புத் திரையில் வெண்ணிறமாய்த் துள்ளின. கதை இல்லை, மனித உருவமும் இல்லை, ஆயினும் இசை கண்ணுக்குப் புலனாயிற்று. இவற்றுட் சில படமாளிகைகளிற் காட்டப்பட்டபோது இறுதியில் அவ்விசைத்தட்டுக்கான விளம்பரமும் இணைந்திருந்தது. ஆக, இக்கலை சந்தையின் மடியிலேயே பிறந்தது. இதை மறைப்பதிற் பயனில்லை.

அருவக் கலையை நாஸிகள் சீரழிந்த கலையெனத் தூற்றிய காலத்தில், 1936இல், பிஷ்ஷிங்கர் ஹொலிவூட்டுக்குச் சென்றார். டிஸ்னி நிறுவனத்தின் 'பன்ராசியா' (1940) படத்தில் பாக் என்னும் இசைமேதையின் ஆக்கத்துக்குரிய பகுதிக்கு வடிவங்களை வரைந்தார். நிறுவனமோ அவருடைய அருவங்களை, பார்ப்பவர் இன்னதென்று இனங்காணத்தக்க உருவங்களாக மாற்றியது. அவர் விலகினார். படம் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. நாஸிகள் செய்ததையும் டிஸ்னி செய்ததையும் நாம் ஒரே தராசில் இடவில்லை. எனினும் இரண்டாவதும் நிகழ்ந்ததே.

1975இல் குயீன் குழுவினரின் 'பொஹீமியன் ரப்சொடி'க்குப் புரூஸ் கவர்ஸ் நெறிப்படுத்திய படம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் எடுத்து முடிக்கப்பட்டது. பாடகர் நேரிற் போகாத இடத்துக்கும் படம் போகும் என்பதைக் கம்பனிகள் கண்டுகொண்டன.

1981 ஆகஸ்ற் முதலாம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. நிலையம் தொடங்கியது. காணொளிகளைக் கம்பனிகள் அதற்கு இலவசமாக வழங்கின. இந்த இலவசம் யாருடைய பணம்? படப்பிடிப்புச் செலவிற் பெரும்பங்கு பாடகருக்குச் சேரவேண்டிய உரிமைத் தொகையிலிருந்தே வழக்கமாகக் கழிக்கப்பட்டது. திரையின் மூலையில் பாடகரின் பெயரும் பாடலின் பெயரும் தொகுப்பின் பெயரும் கம்பனியின் பெயரும் தோன்றின. நெறியாளரின் பெயருக்கு அங்கே இடமில்லை.

அந்நிலையம் தொடக்கத்தில் கறுப்பின இசைஞர்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வந்தது. தாம் 'றொக்' இசைக்குரியவர் என்பது அவர்கள் கூறிய நியாயம். 1983இல் அந்நிலையத்துக்கே அளித்த பேட்டியில் டேவிட் போவி என்ற வெள்ளையினப் பாடகர் இதைக் கேட்டார். அதே ஆண்டில் அத்தடையைத் தகர்த்த படங்களுள் முதன்மையானது, பரனின் 'பில்லி ஜீன்'. அதில் ஒரு கறுப்பின இளைஞன் நடக்கிறான். அவன் மிதிக்கும் கல்லெல்லாம் ஒளிர்கிறது. கமராவுடன் ஒருவன் பின்தொடர்கிறான். எடுத்த புகைப்படத்திலோ இளைஞனின் உருவம் இல்லை. நிறத்தைக் காரணங்காட்டி மறைக்கப்பட்டவரின் கதையாகவே நாம் இதைப் பார்க்கிறோம். பரன் அவ்வாறு எண்ணினாரோ இல்லையோ, படம் அவ்வாறு பேசுகிறது.

1985இல் ஆ-ஹா குழுவினருக்காக அதே பரன் 'ரேக் ஒன் மீ' பாடலைப் படமாக்கினார். பென்சிற் சித்திரத்துள் வாழும் ஒருவன் ஒரு பெண்ணைத் தன் உலகினுள் அழைக்கிறான். சுமார் 3,000 சட்டங்களைக் கையால் வரைந்து அச்சித்திர உலகை ஆக்கியோர் மைக்கல் பற்றர்சனும் கண்டேஸ் றெக்கிஞ்சரும். பிஷ்ஷிங்கரின் கரிக்கோல் அரை நூற்றாண்டின் பின் மீண்டும் தாளில் ஓடிற்று என்போம்.

1992 நவம்பரில்தான் எம்.ரி.வி. நெறியாளரின் பெயரைத் திரையில் இட்டது. கம்பனியின் பெயருக்கு முதல் நாளே கிடைத்த இடம், ஆக்கியவருக்குக் கிடைக்கப் பதினொரு ஆண்டுகள் சென்றன!

அதன்பின் வந்தோருள் பிரெஞ்சு நாட்டவரான மிஷெல் கொன்ட்றி குறிப்பிடத்தக்கவர். 2002இல் 'கெமிக்கல் பிரதர்ஸ்' என்பாரின் 'ஸ்ரார் கிற்றார்' இசைக்கு அவர் ஆக்கிய படத்தில், ரயில் யன்னலூடாகத் தெரியும் காட்சியன்றி வேறெதுவும் இல்லை. ஆனால் கம்பமும் கட்டடமும் பாலமும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒன்றாகத் தாளந் தவறாது கடந்து செல்கின்றன. ரயிலின் யன்னலோரம் இருந்து பழகிய எமக்கு இது அந்நியமான கலையாகத் தோன்றவில்லை. அவரும் வேறு சிலரும் சினிமாவுக்குச் சென்று புகழ் பெற்றனர்.

செல்லாதவர் பலர். அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. ஊதியமோ பெரும்பாலும் படம் எடுத்தபோது பெற்ற ஒரு தடவைக் கூலிதான். காணொளி எத்தனை ஆயிரந் தடவை ஓடினாலும் அதிற் பங்கு அவர்களுக்கு வருவது அரிது.