ஒரு தவளையின் பெயரில் இரு மனிதர்கள்

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆசியக் கழகத்தின் ஆய்விதழில், 1906ஆம் ஆண்டு, டார்ஜிலிங் மலையின் கர்சியாங் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு சின்னஞ்சிறு புதர்த்தவளைக்குப் பெயர் சூட்டப்பட்டது. கட்டைவிரலின் நுனியளவே உள்ள அந்த உயிருக்கு இக்ஸாலஸ் அன்னண்டேலி என்று பெயரிட்டவர் பூலாஞ்சே. இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் அவர். தவளை வங்கத்து மலையினுடையது; இதழும் கல்கத்தாவினுடையது. ஆயினும் அது புதிய இனமா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அன்று இலண்டனாகவே இருந்தது.

பெயரால் பெருமை பெற்ற நெல்சன் அன்னண்டேல், 1904இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியேற்றவர். 1907இல் அதன் தலைவரானார்; அருங்காட்சியகத்தின் சொந்த ஆய்விதழும் அதே ஆண்டு தொடங்கியது. 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் அரசுத் துறையாக உருவானபோது முதல் இயக்குநரும் அவரே. பதிவேடு, சாராயக் குப்பிகள், அவற்றைக் காக்கச் சம்பளம் பெறும் ஊழியர் என எல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 1924இல் அவர் மறைந்த பின்னரும் குப்பிகளுக்குப் பொறுப்பாளர் இருந்தனர்.

பெங்களூர் மத்தியக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவுக்கு அத்தகைய துறை எதுவும் இல்லை. 1932இல் தொடங்கிய ‘கரன்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியர் என்றே அவரைப் பலர் அறிவர். 1937இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றைப் புதியனவாக விவரித்து அவர் எழுதிய கட்டுரை, இலண்டனை எதிர்பாராமல் இங்கேயே தீர்ப்புச் சொன்ன முயற்சி. ஆனால் அவர் விவரித்த மாதிரி உடல்கள் கல்லூரியிலிருந்து காணாமற்போயின.

வகைப்பாட்டியலில் இது சிறு இழப்பன்று. ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்ற ஐயம் எழும்போது, முதலில் விவரிக்கப்பட்ட உடலே சான்று. புதர்த்தவளைகளில் ஓரினத்துக்குள்ளேயே நிறமும் கோடுகளும் பலவாறு மாறும். எழுத்து விவரணையை மட்டும் கையிற்கொண்டு இலைமேல் அமர்ந்திருப்பதை அடையாளம் காண்பது கடினம். உடல் தொலைந்த பெயர் பொருளிழந்து அலையும், அல்லது புதிய உடலொன்றைச் சான்றாக நியமிக்க நேரும். ராவின் சேகரிப்பு அழிந்ததைத் தனிமனிதக் கவனக்குறைவாகப் பேசுவது எளிது, நியாயமன்று. கல்கத்தாவில் அரசு செய்த வேலையைப் பெங்களூரில் ஓர் ஆசிரியர் செய்துகொண்டிருந்தார்.

இக்ஸாலஸ் என்ற பேரினப் பெயர் நிலைக்கவில்லை. கர்சியாங் தவளை பின்னர் ஃபிலாட்டஸ் ஆயிற்று. 2010இல் பிஜுவும் உடனாய்வாளர்களும் மரபணு ஒப்பீட்டின் துணையுடன் புதிய பேரினம் ஒன்றை வகுத்தனர். இதன் இனங்களுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவரும். குளம் வேண்டாம், ஆனால் ஈரம் வறளாத காடு வேண்டும். பெரும்பாலான இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ, கர்சியாங் தவளை போன்ற சிலவே வடகிழக்கில் உள்ளன.

அப்பேரினத்துக்கு ராவின் நினைவாக ராவோர்கெஸ்டெஸ் என்று பெயரிட்டனர். ‘ஓர்கெஸ்டெஸ்’ கிரேக்கத்தில் ஆடுபவன். ஆகவே வங்கத்து மலைத்தவளை இன்று ராவோர்கெஸ்டெஸ் அன்னண்டேலி. 1937இல் ராவ் விவரித்த சாரியஸ் என்னும் தவளையும் இதே பேரினத்தில் சேர்ந்தது. விதிப்படி அதனை எழுதும்போது அவர் பெயர் இருமுறை வரும்: ராவோர்கெஸ்டெஸ் சாரியஸ் (ராவ், 1937).