பழைய டாரட் சீட்டுகளின் காலத்தை அறிதல்

டாரட் என்பது 78 சீட்டுகள் கொண்ட கட்டு. காசு, கோப்பை, வாள், கோல் என்னும் நான்கு இனங்களில் 56 சீட்டுகளும், உருவப்படங்கள் கொண்ட 22 தனிச் சீட்டுகளும் இதில் அடங்கும். இது 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியது. 1781இல் கூர் தெ ஜெபெலென் என்னும் பிரெஞ்சு அறிஞர், டாரட் பண்டைய எகிப்திலிருந்து வந்தது என்று தக்க சான்றின்றி எழுதினார். குறிசொல்லும் வழக்கம் பெரிதாகப் பரவியது அதன் பின்னரே. ஆகவே ஒரு கட்டின் வயதைத் தவறாகக் கணித்தால் கெடுவது விலை மட்டுமன்று, வரலாறும்தான்.

பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் கையால் தீட்டப்பட்ட 17 சீட்டுகள் உள்ளன. 'ஆறாம் சார்லசின் டாரட்' என்ற பெயர் இன்றும் அவற்றை விட்டபாடில்லை. 1392இல் மன்னர் ஆறாம் சார்லசுக்காக மூன்று சீட்டுக்கட்டுகளை வரைந்த ஜாக்மின் கிரங்கோனர் என்பவருக்குப் பணம் கொடுத்ததாக அரண்மனைக் கணக்கில் ஒரு குறிப்பு உண்டு. அதில் டாரட் என்ற சொல்லே இல்லை. ஆயினும் பின்னாளில் எழுதியவர்கள் அந்தக் குறிப்பையும் இந்தச் சீட்டுகளையும் இணைத்துவிட்டனர். டாரட்டின் பிறப்பு அரை நூற்றாண்டு முன்னே தள்ளப்பட்டுப் பிரான்சுக்கும் இடம்மாறியது. ஓவியப் பாணியை ஆராய்ந்தபோது, அவை 15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகள் எனத் தெரிந்தது.

இத்தகைய சீட்டுகள் சேகரிப்பாளர் கைக்கு வருவது அரிது. அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அச்சிட்டவை. அங்கேயும் எழுத்து ஏமாற்றும். மார்செய் வகைக் கட்டுகளில் 'காசு இரண்டு' சீட்டிலுள்ள சுருளில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். நிக்கோலா கோன்வெரின் கட்டில் 1760 என்ற ஆண்டும் உண்டு. ஆனால் அவருடைய அச்சுக்கட்டைகள் 19ஆம் நூற்றாண்டிலும் பயன்பட்டன. எனவே அந்த எண்ணைக் கொண்டு அச்சிட்ட ஆண்டைச் சொல்ல முடியாது. கோடுகள் தேய்ந்து உடைந்திருந்தால் கட்டை பலமுறை அச்சேறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

எழுத்தைவிடப் பொருளே நம்பத்தக்கது. மரச்செதுக்கு அச்சின் மேல் துளைத்தகடு வைத்து வண்ணம் பூசிய சீட்டுகளில், வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான வண்ணப் புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. வட்ட மூலைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலாயின. ஆனால் சதுர மூலையை யாரும் பிறகு வெட்டி வட்டமாக்கியிருக்கலாம். வரி முத்திரையும் உதவும்: சீட்டு வரி பிரான்சில் 1945இலும் இத்தாலியில் 1972இலும் நீங்கியது. புற ஊதா விளக்கின் கீழ்த் தாள் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அத்தகைய தாள் 1950 வாக்கில்தான் பரவியது.

இன்று அதிகம் கைமாறுவது, 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் வகைகள். ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்தின் கையொப்பக் குறி மறுபதிப்புகளிலும் அப்படியே இருப்பதால், அதைக் காட்டி 'முதல் பதிப்பு' என்பவரை நம்ப வேண்டாம். விளிம்பில் 1971 என்ற பதிப்புரிமை வரி இருந்தால் அது அமெரிக்க மறுபதிப்பு.

ஒரே கட்டில் வெவ்வேறு காலச் சீட்டுகள் கலந்திருக்கவும் கூடும். புகழ்பெற்ற விஸ்கொன்தி-ஸ்போர்சா கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் ஆறு, பின்னர் வேறொரு ஓவியரால் வரையப்பட்டவை.