நாலு பேர் கூடாரத்தில் ஐந்தாவது ஆள்

குடும்பத்தில் ஒருத்தன் பேங்கில் வேலை பார்த்தால் போச்சு. வீட்டுக் கடன் வட்டியிலிருந்து மொட்டை மாடிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வரை எல்லாக் கணக்கும் அவன் தலையில்தான். போன டிசம்பரில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் அக்கா பையன்.

"மாமா, மீன் பிடிக்க ஒரு டென்ட் வாங்கணும். நாலு பேர் டென்ட் வாங்கறதா, ஆறு பேர் டென்ட் வாங்கறதா? விலை வித்தியாசம் ஜாஸ்தி. நீங்க சொல்லுங்க."

மீன் பிடிக்க எதுக்குடா டென்ட் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினான். அங்கே குளிர்காலத்தில் ஏரியெல்லாம் கல்லாக உறைந்துவிடும். நாலு அங்குலம் கனத்துக்கு நல்ல பனிக்கட்டி இருந்தால் மனிதன் நடக்கலாம் என்பது அங்கத்திய கணக்கு. அதில் துளை போட்டு, குட்டைத் தூண்டிலை விட்டுக்கொண்டு உட்கார வேண்டியது. காற்று அறுக்கும் என்பதால் மேலே ஒரு மறைப்பு. சீசன் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் மரக் குடில்கள் உண்டு. கையோடு இழுத்துப் போகிற மடக்குக் கூடாரமும் உண்டு. இவனுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

"எத்தனை பேர் போறீங்க?"

"மூணு பேர். சில நாள் நாலு."

"பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"நாலு பேர்னு போட்டிருக்கு. ஆனா கடைக்காரர், அது தோளோடு தோள் இடிச்சுக்கிட்டு உக்காந்தா நாலு, தடிமனான கோட்டு, ஹீட்டர், வாளி எல்லாம் வெச்சா மூணுதான்னு சொல்றார்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. "நாலு பேர் கூடாரம்" என்றதும் எனக்கு ஒரே ஒரு கூடாரம்தான் ஞாபகம் வரும். அதன் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கதை நடந்தது அண்டார்க்டிகாவில். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் தென் துருவத்துக்குப் போன பயணம். 1910ல் டெர்ரா நோவா என்ற கப்பலில் கிளம்பினார்கள். 1911 நவம்பர் 1ஆம் தேதி கடற்கரை முகாமிலிருந்து துருவத்தை நோக்கி நடை. போக வர சுமார் 1,800 மைல்.

ஸ்காட்டின் ஏற்பாடு எங்கள் பேங்க் மேனுவல் மாதிரி கச்சிதமானது. எல்லாவற்றுக்கும் அலகு நாலு. நாலு பேர் இழுக்க ஒரு சறுக்கு வண்டி. நாலு பேர் படுக்க ஒரு கூடாரம். நாலு பேருக்கு ஒரு பிரைமஸ் அடுப்பு (நம் அம்மாக்கள் பம்ப் அடித்து ஊதிய அதே மண்ணெண்ணெய் ஸ்டவ்தான்). நாலு பேருக்கு ஒரு வாரச் சாப்பாடு ஒரு கட்டு. வழியெங்கும் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள இதே கணக்கில் உணவும் எண்ணெயும் புதைத்து வைத்துக்கொண்டே போனார்கள்.

கூடாரம் மேலே குறுகிக் கீழே அகன்ற கூம்பு. மூங்கில் கழிகளை உச்சியில் ஒன்றாகச் சேர்த்து, அதன் மேல் துணி போர்த்துவது. குளிருக்காக உள்ளே இன்னொரு துணி. கீழே விரிக்க ஒரு அடித்துணி தனியாக. கூம்பு என்பதால் தரையில் இருக்கிற இடம் தலைக்கு மேலே இருக்காது. உள்துணி வேறு கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடுகிற கூடாரம் அது.

அந்தக் குளிரில் ஒரு கூடாரத்தின் மதிப்பு என்ன? அதே 1911ல், துருவப் பயணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், வில்சன், பவர்ஸ், செர்ரி காரார்ட் என்று மூன்று பேர் எம்பரர் பென்குவின் முட்டை எடுத்து வர ஐந்து வாரப் பயணம் போனார்கள். முழு இருட்டு. மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை குளிர். நடுவே ஒரு புயலில் கூடாரம் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. மூன்று பேருக்கும் தெரியும், அது கிடைக்காவிட்டால் திரும்பி வர முடியாது. புயல் ஓய்ந்ததும் தேடிப்போனால், சரிவில் சுமார் அரை மைல் தள்ளி, மடக்கிய குடை மாதிரி கிடந்தது. அதற்குப் பிறகு பவர்ஸ் ஒரு கயிற்றால் கூடாரத்தைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டுதான் தூங்கினாராம். போனால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று!

இந்த பவர்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துருவப் பயணத்துக்கு வருவோம். டிசம்பர் கடைசியில் மிச்சம் எட்டு பேர். இரண்டு வண்டி, இரண்டு கூடாரம். திட்டப்படி நாலு பேர் திரும்ப வேண்டும், நாலு பேர் துருவம் போக வேண்டும். 1912 ஜனவரி 3ஆம் தேதி, துருவத்துக்கு இன்னும் ஏறக்குறைய 150 மைல் இருக்கும்போது, ஸ்காட் கணக்கை மாற்றினார். தன் அணியில் இருந்த வில்சன், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் மூவரோடு, அடுத்த அணியிலிருந்து பவர்ஸையும் சேர்த்துக்கொண்டார். ஐந்து பேர் துருவத்துக்கு, மூன்று பேர் வீட்டுக்கு.

ஏன் சேர்த்தார் என்று டயரியில் தெளிவாக எழுதி வைக்கவில்லை. ஊகிப்பது கஷ்டமில்லை. பவர்ஸ் ஐந்தடி நாலங்குல உயரம்தான், ஆனால் இரும்பு உடம்பு. இடம் கணித்துச் சொல்லத் தெரிந்தவர். இழுக்க இன்னும் இரண்டு கை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயணத்தின் ஸ்டோர் கணக்கே பவர்ஸ் கையில்தான் இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை பிஸ்கட் என்று விரல் நுனியில் வைத்திருந்தவரே கணக்கில் இல்லாத ஐந்தாவது ஆளாக ஆகிவிட்டார்.

சரி, ஒரே ஒரு ஆள் கூடினால் என்ன கெட்டுப்போகிறது? பார்ப்போம்.

முதலில் நடை. மூன்று நாள் முன்புதான், பாரம் குறைய, பவர்ஸ் இருந்த அணி தன் ஸ்கீ கட்டைகளை வழியில் விட்டுவிட்டு வந்திருந்தது. ஆகவே நாலு பேர் ஸ்கீயில் போக, பவர்ஸ் மட்டும் பனியில் கால் புதையப் புதைய நடந்தார்.

அடுத்து படுக்கை. செர்ரி காரார்ட் பிற்பாடு 1922ல் எழுதிய புத்தகத்தில் இதை விலாவாரியாகச் சொல்கிறார். ஐந்து படுக்கைப் பை விரித்தால் அடித்துணி போதாது. ஓரத்தில் இருக்கும் இரண்டு பேரின் பை பாதி பனியில் கிடக்கும். கூடாரத்தின் உள்துணியோடு உரசி, அதில் படிந்த உறைபனியெல்லாம் பையில் ஒட்டும். ஈரமான பை மறுநாள் கட்டையாக உறையும்.

அதற்கடுத்து சமையல். புறப்பட்ட மறுநாளே, ஜனவரி 5ஆம் தேதி, ஸ்காட் டயரியில் இதைக் குறிக்கிறார்: நாலு பேருக்குச் சமைப்பதைவிட ஐந்து பேருக்குச் சமைக்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம்போல அதிகம் ஆகிறது, ஏற்பாட்டை மாற்றும்போது இதை யோசிக்கவில்லை என்று. படிக்கும்போது எனக்குப் பகீரென்றது. லோன் சாங்ஷன் ஆன மறுநாள் ஃபைலில் விட்டுப்போன ஒரு தாள் கண்ணில் பட்டால் எங்களுக்கு வயிற்றைப் பிசையுமே, அதே உணர்ச்சி.

திரும்பிய மூன்று பேர் கதியும் லேசில்லை. நாலு பேருக்குக் கட்டி வைத்த மூட்டையைக் கிடங்குக்குக் கிடங்கு பிரித்து, முக்கால் பங்கை மட்டும் எடுத்து, மிச்சத்தை வைத்துவிட்டு வர வேண்டும். இழுக்க ஒரு ஆள் குறைவு. லெஃப்டினன்ட் எவன்ஸ் ஸ்கர்வி நோயில் விழுந்து நடக்க முடியாமல் போனார். லாஷ்லி அவரைக் கவனித்துக்கொள்ள, டாம் க்ரீன் 35 மைல் தன்னந்தனியாக நடந்து போய் உதவி கொண்டுவந்ததால் பிழைத்தார்.

இப்போது என் பங்குக்கு ஒரு கணக்கு. ஜனவரி 4லிருந்து, எட்கர் எவன்ஸ் இறந்த பிப்ரவரி 17 வரை 44 நாள். நாளுக்கு அரை மணி என்றால் 22 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நடந்தவர்களுக்கு அது இரண்டு நாள் நடைக்கு மேலே. கடைசியில் ஸ்காட்டும் வில்சனும் பவர்ஸும் படுத்த கூடாரத்துக்கும், 'ஒன் டன்' என்ற பெரிய உணவுக் கிடங்குக்கும் இடையே இருந்த தூரம் 11 மைல். ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு 1912 மார்ச் 29ஆம் தேதியிட்டது.

அவசரப்பட்டு, ஐந்தாவது ஆள்தான் எல்லோரையும் கொன்றான் என்று நான் சொல்லவில்லை. அது பாவம். அந்த மார்ச் மாதத்துக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமை. கிடங்குகளில் வைத்த மண்ணெண்ணெய் டின்னிலிருந்து கசிந்து குறைந்திருந்தது. சாப்பாடு உழைப்புக்குப் போதவில்லை. எட்கர் எவன்ஸின் கையில் காயம், ஓட்ஸின் காலில் பனிப்புண். அந்த 22 மணி நேரம் கையில் இருந்திருந்தாலும் அதை நடந்தே தீர்த்திருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை செலவும் வந்து நிற்கிற கணக்கில், முன்கூட்டியே கை வைத்து எடுத்த தொகை அது.

ஐந்து என்ற எண் மேலும் குற்றமில்லை. அவர்களை முந்திக்கொண்டு 1911 டிசம்பர் 14ல் துருவம் தொட்ட நார்வேக்காரர் அமுண்ட்சென் அணியும் ஐந்து பேர்தான். அவரும் ஆள் எண்ணிக்கையை மாற்றியவர்தான். செப்டம்பரில் எட்டு பேராகக் கிளம்பி, குளிர் தாங்காமல் திரும்பினார். அதன் பிறகு ஐந்து பேர் துருவத்துக்கு, மூன்று பேர் வேறு பக்கம் என்று பிரித்து அக்டோபரில் புறப்பட்டார். மாற்றியது முகாமில், அடுப்படியில், எல்லாச் சாமானும் கண் முன்னால் இருக்கும்போது. ஸ்காட் மாற்றியது நடுவழியில். வித்தியாசம் அங்கேதான்.

ஸ்காட் ஜனவரி 17ல் துருவம் போய்ச் சேர்ந்தார். மறுநாள், அமுண்ட்சென் விட்டுப்போன ஒரு சின்னக் கூடாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து பேர் நெருக்கியடித்துப் படுத்து எழுந்து வந்த இடத்தில், ஆளில்லாத ஒரு கூடாரம்!

இங்கே இந்தூருக்கு நான் மாற்றலாகி வந்த பிறகுதான் இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. இங்கிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம் போனால் மவ் என்கிற ராணுவ ஊர். அம்பேத்கர் பிறந்த ஊர், 2003லிருந்து அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். லாரன்ஸ் ஓட்ஸ் குதிரைப்படை அதிகாரியாக இருந்தது அந்த மவ்வில்தான். அங்கிருந்துதான் ஸ்காட்டின் பயணத்தில் சேர விண்ணப்பித்தார். கைக்காசு ஆயிரம் பவுண்டு வேறு கொடுத்தார். பவர்ஸும் இந்தியாவில் வேலை பார்த்தவர்தான், ராயல் இந்தியன் மெரீனில். ஆக அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் நம்மைப்போலவே சொந்த ஊரை விட்டு வேற்றூரில் குப்பை கொட்டியவர்கள்!

மார்ச் நடுவில், கால் அழுகி, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்று உணர்ந்த ஓட்ஸ், கூடாரத்தை விட்டுப் புயலுக்குள் எழுந்து போனார். திரும்பவில்லை. வயது 32. ஐந்து பேர் நாலாகி, நாலு மூன்றாகியது. கூடாரத்தில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 12ல் தேடும் குழு கூடாரத்தைக் கண்டுபிடித்தது. தேடிப்போனவர்களோடு சிம்லாவிலிருந்து அனுப்பிய கோவேறு கழுதைகள் போயிருந்தன. லால் கான், குலாப், ராணி, பேகம் என்றெல்லாம் பெயர். அண்டார்க்டிகாவில் ஒரு ராணியும் குலாபும்! குழுத் தலைவர் அட்கின்சன் மூங்கில் கழிகளை உருவச் சொன்னார். அந்தக் கூடாரத் துணியே மூவர் மேலும் போர்வையாக விழுந்தது. மேலே பனியைக் குவித்துவிட்டு வந்தார்கள்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஸ்காட்டின் தப்பு தப்பாகவே தெரியாது. மூன்று பேருக்கு வடித்த சோறு நாலு பேருக்கு வரும், ஒரு பாய் கூட விரித்தால் போச்சு என்றுதானே வளர்ந்தோம். இந்தூரில் எங்கள் இரண்டு ரூம் வாடகை வீட்டில் கோடை லீவில் பதினோரு பேர் படுத்திருக்கிறோம். அது நல்ல பழக்கம், விட மாட்டேன். ஆனால் அது பக்கத்தில் கடை இருக்கிற ஊருக்கு. கடையில்லாத இடத்தில், கூடாரத்தின் அளவு என்பது படுக்கும் இடம் மட்டுமில்லை. அடுப்பு, எண்ணெய், சோறு, தூக்கம், நடை என்று எல்லாவற்றின் அளவும் அதற்குள்ளே இருக்கிறது. ஒன்றை மாற்றினால் அத்தனையும் மாறும்.

மறுநாள் அக்கா பையனுக்குப் போன் போட்டேன்.

"மூணு பேர்தானே? நாலு பேர் டென்ட் வாங்கு. ஆறு பேருது வாங்கினா இழுக்கவும் பாரம், சூடாக்கவும் எண்ணெய் ஜாஸ்தி. ஹீட்டர் போட்டா காத்து வர வழி வெச்சுக்கோ, விஷப்புகை தங்கிடும்."

"சரி மாமா. நாலாவது ஆள் வர்ற அன்னிக்கு?"

"வரட்டும். ஆனா வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லச் சொல்லு. ஏரி நடுவுல வந்து நின்னுக்கிட்டுச் சொல்லக் கூடாது."