எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களின் தொடக்க வரலாறும் வினைஞரின் இடமும்

முன்னுரை

இன்றைய பெரிய ஆலைகளில் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்பவர் உலோகத் துண்டைப் பொருத்துகிறார், பொத்தானை அழுத்துகிறார், வெட்டு முடியும்வரை காத்திருக்கிறார். எவ்வளவு ஆழத்தில், எந்த வேகத்தில், எவ்வரிசையில் வெட்டுவது என்பதை நிரல் எழுதியவர் வேறோர் அறையிலிருந்து முன்னரே முடிவு செய்திருப்பார். இப்பிரிவினை கணினியின் வருகையோடு தானாகவே வந்துசேர்ந்தது என்பது பரவலான எண்ணம். எண்வழிக் கட்டுப்பாடு உருவான ஆண்டுகளின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு முழுமையாக இடந்தரவில்லை. நிரலை எழுதுவது யார் என்ற வினாவுக்கு அக்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று மேலோங்கிய சூழலை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவர் இயக்கிய இயந்திரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்னும் சிற்றூரில் ஜான் பார்சன்ஸின் நிறுவனம் ஹெலிகாப்டருக்கான சுழல் இறக்கைகளைச் செய்துவந்தது. இறக்கையின் குறுக்குவெட்டு வளைவைச் சரிபார்க்கத் தகட்டு வார்ப்புருக்கள் தேவைப்பட்டன. வரைபடத்தில் தரப்பட்ட சில புள்ளிகளை வளைகோல் கொண்டு இணைத்து, அக்கோட்டின்மேல் தகட்டை வெட்டி அராவுவது அதுவரையிலான வழக்கம். பார்சன்ஸும் அவருடைய பொறியாளர் பிராங்க் ஸ்டூலெனும் ஐ.பி.எம். துளையட்டைக் கணக்கீட்டுக் கருவியால் வளைவின்மீது 200 புள்ளிகளைக் கணக்கிட்டனர். பின்னர் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, மற்ற இருவர் மில்லிங் இயந்திரத்தின் இரு கைச்சக்கரங்களையும் அவ்வெண்களுக்கேற்பத் திருப்பினர். எஞ்சிய மேடுகள் கையால் அராவி நீக்கப்பட்டன.

எண்வழிக் கட்டுப்பாட்டின் முதல் வடிவம் இதுவே எனலாம். இதில் கணினியும் இல்லை, மின்னணுச் சுற்றும் இல்லை. மூன்று வினைஞர்களும் ஓர் எண் பட்டியலும் மட்டுமே இருந்தனர். அம்மூவரின் இடத்தில் ஓர் எந்திர அமைப்பை வைக்கலாம் என்பதே பார்சன்ஸின் கருத்து. 1949-இல் அமெரிக்க வான்படை அதற்கு ஒப்பந்தம் அளித்தது. புதிய விமானங்களின் சிறகுத் தகடுகளை ஒரே அலுமினியப் பாளத்திலிருந்து செதுக்கியெடுக்க வேண்டிய நெருக்கடி அதன் பின்னணியாகும்.

பார்சன்ஸ் எம்.ஐ.டி.யின் சர்வோ இயக்க ஆய்வகத்தை உதவிக்கு நாடினார். ஆய்வகத்தாரோ புள்ளிக்குப் புள்ளி நகரும் முறையை ஏற்காமல், மூன்று அச்சுகளிலும் தொடர்ச்சியாக, பின்னூட்டத்துடன் இயங்கும் அமைப்பை வடிவமைத்தனர். செலவு பெருகியது. சில ஆண்டுகளுக்குள் வான்படை ஆய்வகத்துடன் நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொள்ள, கருத்தைத் தந்த பார்சன்ஸ் விலகி நிற்க நேர்ந்தது. 1952 செப்டம்பரில் சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோடெல் மில்லிங் இயந்திரம் துளைநாடாவின் ஆணைப்படி இயங்கிக் காட்டப்பட்டது. பார்சன்ஸுக்கு 1958-இல் காப்புரிமையும், 1985-இல் ஸ்டூலெனுடன் சேர்த்துத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் கிடைத்தன.

கைவிடப்பட்ட காந்த நாடா

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ட்ரிக் உள்ளிட்ட நிறுவனங்களில் பதிவு-மீளியக்கம் என்னும் மற்றொரு முறையும் உருவாகியிருந்தது. தேர்ந்த வினைஞர் முதல் உருப்படியைக் கையால் செய்வார். இயந்திரத்தின் அசைவுகள் காந்த நாடாவில் பதியும். அடுத்தடுத்த உருப்படிகளை நாடாவே செய்யும். இங்கு நிரலை எழுதுபவர் வினைஞர்தாம். எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கைத்திறன் தெரிந்திருந்தால் போதும். அந்நிறுவனத்தின் ஸ்கெனெக்டடி ஆலையில் விளம்பரப் பிரிவில் பணியாற்றிய கர்ட் வானகட், 1952-இல் வெளியிட்ட தம் முதல் நாவலில், வினைஞர் ஒருவரின் அசைவுகள் நாடாவில் பதிவாவதை எழுதியிருப்பது தற்செயலன்று.

இம்முறை பரவாமல் போனதற்கு மேலாண்மையின் விருப்பமே காரணம் என்பது டேவிட் நோபல் 1984-இல் வெளியிட்ட நூலின் வாதம். வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் அறிவு வினைஞரிடமிருந்து அலுவலகத்திற்கு மாற வேண்டும் என நிறுவனங்கள் விரும்பின என்கிறார் அவர். இவ்வாதத்தை அப்படியே ஏற்பதில் ஒரு தடை உண்டு. பல அச்சுகளில் ஒருசேர வளையும் சிறகுப் பரப்பை எத்துணைத் தேர்ந்த கையாலும் முதன்முறை செம்மையாக வெட்டிப் பதிவுசெய்ய இயலாது. வான்படைக்கு வேண்டியது அத்தகைய பரப்பே. ஆனால் சாதாரணப் பணிமனைகளின் பெரும்பான்மை வேலை அவ்வளவு சிக்கலானதன்று. அவற்றுக்கும் விமானத் தொழிலின் தீர்வே வழங்கப்பட்டதை வடிவியலால் மட்டும் விளக்கிவிட முடியாது. வான்படை நூற்றுக்கும் மேற்பட்ட எண்வழி இயந்திரங்களைத் தன் செலவில் வாங்கி விமான ஆலைகளில் நிறுவியது. இயந்திரம் செய்வோருக்கு இதனினும் உறுதியான சந்தை வேறில்லை. 1959-இல் டக்ளஸ் ராஸ் குழுவினரின் ஏ.பி.டி. நிரல்மொழி அறிமுகமானபோது, அதன் வல்லமையைக் காட்ட அலுமினியச் சாம்பல்கிண்ணங்கள் செய்தியாளருக்கு வழங்கப்பட்டன. அம்மொழியை இயக்கப் பெரிய கணினி வேண்டும். சிறு பட்டறைகளில் அது ஏது?

அலுவலகத்தில் எழுதிய நாடாவும் பணிமனையில் வினைஞர் இல்லாமல் ஒழுங்காக ஓடவில்லை. வார்ப்பில் கடினப் புள்ளி வந்தாலோ, வெட்டுளி மழுங்கினாலோ, நாடாவில் ஓர் எண் பிழைத்தாலோ கைகொடுக்க ஆள் வேண்டியிருந்தது. 1968-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் லின் ஆலையில் எண்வழி இயந்திரப் பிரிவின் பொறுப்பைத் தொழிலாளரிடமே பெருமளவு விட்டுப்பார்க்கும் சோதனைத் திட்டம் தொடங்கியதற்கு இத்தகைய இடர்ப்பாடுகளே காரணம். சில ஆண்டுகளில் நிர்வாகம் அதனைக் கைவிட்டது.

ஏணி வரைபடமும் விசைப்பலகையும்

அதே 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, சுவர் நிறைய இருந்த ரிலே பலகைகளுக்கு மாற்று கேட்டது. பெட்போர்டு அசோசியேட்ஸில் டிக் மார்லியும் உடன்பணியாற்றியோரும் உருவாக்கிய மோடிகான் 084, முதல் பி.எல்.சி.களுள் ஒன்றாக 1969-இல் ஆலைக்குச் சென்றது. அதன் நிரல், ரிலே சுற்றுகளை வரையும் ஏணி வரைபடத்தின் வடிவிலேயே அமைக்கப்பட்டது. ஆலையின் மின்பணியாளர் ஏற்கெனவே படித்தறிந்த வரைபடம் அது. உள்ளே கணினி இருந்தும், அதனை மாற்றியமைக்கக் கணினி வல்லுநர் தேவைப்படவில்லை. ஏணி வரைபடம் இன்றும் வழக்கில் உள்ளது.

எண்வழி இயந்திரத்திற்கு இத்தகைய திருப்பம் நுண்செயலி மலிவான பின்னரே வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே நினைவகமும், முகப்பில் திரையும் விசைகளும் வந்ததால், இயந்திரத்தருகே நின்றே நிரலை எழுதவும் திருத்தவும் முடிந்தது. யமசாகி மசாக் 1981-இல் வெளியிட்ட மசாட்ரோல், பொருளின் வடிவத்தையும் அளவையும் திரையில் கேட்டு வாங்கி நிரலைத் தானே அமைத்தது. எனினும் இவ்வகைக் கட்டுப்பாட்டுப் பலகைகள் பலவற்றில், நிரலைத் திருத்தவிடாமல் பூட்டும் சாவித்துளை ஒன்றும் இருந்தது. சில பணிமனைகளில் அச்சாவி வினைஞரிடம் இருந்தது. சிலவற்றில் மேற்பார்வையாளரின் மேசையில் இருந்தது.